காற்றுக்குழாய் யார் கையில்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நீயும் மாமாவும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். பாப்பா நடக்கிறாளா? உன் ஜாடையா, மாமா ஜாடையா?

உன் எண் அப்பா சுவரில் அடித்து உடைத்த போனோடு போய்விட்டது. எதிர்வீட்டு லாரிக்காரர் உன் ஊருக்குச் சரக்கு ஏற்றிப் போகிறார். அவரிடம் கேட்க நானே வாசல்வரை போய்விட்டேன் என்றால் நீ நம்பமாட்டாய். இரண்டு தரம் திரும்பி வந்து, மூன்றாம் தரம் கேட்டேன். பதிலை அவர் கையிலேயே கொடுத்துவிடு.

நீ போன பிறகு அப்பாவின் காற்றுக்குழாயை நான்தான் பிடிக்கிறேன். அதற்காகத்தான் பள்ளிக்கூடத்தை விட்டு என்னை நிறுத்தினார்கள். அப்பா கப்பலுக்கு அடியில் போய்ச் சிப்பி சுரண்டுவார். நான் படகில் காற்றடிக்கும் கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மூச்சுவிடும் குழாயையும் இடுப்புக் கயிற்றையும் பார்த்துக்கொள்வேன். ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் தளர்த்து, இன்னும் கீழே போகிறேன். விடாமல் வெட்டி வெட்டி இழுத்தால் உடனே மேலே தூக்கு. கயிறு பேசுவதால் நான் பேசத் தேவையில்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

அப்பாவுக்குப் போன மழையில் பிடித்த சளி போனது, காதடைப்பு போகவில்லை. வெளிச்சத்தம் பஞ்சு வைத்தாற்போல் கேட்கிறதாம். தன் குரல் மட்டும் பானைக்குள் பேசுவதுபோல் தலைக்குள் இடிக்கிறதாம். நாங்கள் மெதுவாகப் பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று தட்டு பறக்கும். அவர் உதைத்த உதையில் கதவுக்கு இப்போது கீழ்க்கீல் கிடையாது. தண்ணீரில் இறங்கும்போது காது திறக்காவிட்டால் மேஸ்திரி வேறு ஆளை இறக்கிவிடுவார் என்று பயந்து, அப்பா மூக்கில் சொட்டு மருந்தை ஊற்றிக்கொண்டு இறங்குவார். இறங்கும்வரை அது வேலை செய்யும். அதன் வேகம் கீழே போய்த் தீர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு அதுதான் நடந்தது. மேலே வரும் வழியில் காதுக்குள் அடைபட்ட காற்று வெளியேற முடியாமல் வீங்கியிருக்கிறது. கொஞ்சம் கீழே இறங்கி மெதுவாக வந்தால் வலி குறைந்திருக்கும். அப்பாவும் இறங்கத்தான் நினைத்திருக்கிறார். இரண்டு இழுப்பு கொடுக்கப் போனவர் வலியில் கை நிற்காமல் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறார். என் கைக்கு வந்தது அந்த வெட்டு இழுப்புதான். உயிர் போகிறது என்று நினைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு ஒரே மூச்சாக மேலே தூக்கிவிட்டேன்.

மாஸ்க் பாதிக்கு ரத்தம். படகில் ஏறியவருக்கு நிற்க முடியவில்லை, முழங்காலில் இருந்தபடியே வாந்தி எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஈரக் கயிற்றை இரட்டையாக மடித்து அடித்தார், அக்கா. தலை சுற்றியதால் பாதி அடி படகில் விழுந்தது. மீதி என் மேல். கையால் மறைத்தேன், இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. மேஸ்திரி பிடிக்க வரவில்லை. "அப்பனை மீன் மாதிரி தூக்கிட்டாளே, இவளை மீன் பிடிக்க அனுப்புய்யா" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்துப் படகிலிருந்து அண்ணன் தாவி வந்தான். கையில் சிப்பி சுரண்டும் இரும்புச் சுரண்டி. ஒருத்தி காது போனபோது பார்த்துக்கிட்டு நின்னேன், இவளுக்கும் நிக்கமாட்டேன் என்று கத்திக்கொண்டே அப்பாவின் தோளில் இறக்கினான். சதை பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது. அப்பா தலையாலேயே அவன் முகத்தில் மோதினார். முன்பல் இரண்டு போய்விட்டது. நான்கு பேர் சேர்ந்து பிரித்தார்கள். அன்றிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வருவதில்லை, வலை வைக்கும் கொட்டகையில் கிடக்கிறான். அப்பா தலையணைக்கு அடியில் சுரண்டி வைத்துக்கொண்டு தூங்குகிறார். நான் இருவருக்கும் சோறு ஆக்கி இரண்டு இடத்துக்கும் கொண்டுபோகிறேன். ஒருவர் மற்றவரைப் பற்றிக் கேட்பதில்லை. அவன் இன்னும் உயிரோடதான் இருக்கானா என்று மட்டும் கேட்பார்கள், இருவரும்.

தோளில் தையல் போடப் போனபோது காதையும் காட்ட வைத்தேன். காது டாக்டர் ஒரு அம்மா. மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது, காற்று போய்வருகிற வழி, அது அப்பாவுக்கு ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று படம் வரைந்து காட்டினார். மயக்க மருந்து கொடுத்து, சுருங்கிய பலூன் ஒன்றை மூக்கு வழியாக அந்தக் குழாய் வாய்க்குள் விடுவார்களாம். அதில் உப்புநீரை ஏற்றி உப்ப வைத்து, இரண்டு நிமிஷம் வைத்திருந்து, சுருக்கி வெளியே எடுத்துவிடுவார்களாம். வெட்டு இல்லை, தையல் இல்லை. எல்லோருக்கும் சரியாகும் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் மருந்துக்குக் கேட்காத உங்கள் காதுக்கு இதைச் செய்து பார்க்கலாம் என்றார். காதுக்குள் கட்டியிருக்கும் ரத்தம் முதலில் வற்ற வேண்டும், பிறகு செய்யலாம், செய்தபின் பல வாரம் தண்ணீரில் இறங்கவே கூடாது என்றார். இப்போது ரத்தம் வற்றிவிட்டது. புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

அப்பா அங்கே கேலி பேசினார். மூக்குல பலூன் ஊத என் தலை என்ன பொறந்தநாள் வீடா என்றார். டாக்டரம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குடும்பத்தில் வேறு யாருக்காவது காதுக் கோளாறு உண்டா என்று கேட்டார். மூத்த பொண்ணுக்கு இடது காது கேக்காது என்றார் அப்பா. பிறவியிலேயா என்று டாக்டரம்மா கேட்டார். அப்பா மேசைமேல் இருந்த தன் வலது கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டார்.

வரும் வழியில் பஸ்ஸில், அவ காதைச் சரி பண்ணிக்கிட்டாளா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் கேட்டது அது ஒன்றுதான். தெரியாது என்றேன். கொஞ்ச தூரம் போன பிறகு, அவளுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு, போகமாட்டேன் என்றார். அதற்கப்புறம் எத்தனை தரம் கெஞ்சியும் அதே பேச்சுதான். நான்கூட முதலில் பாசம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க நேரமில்லை, அக்கா.

ஏனென்றால் வெள்ளிக்கிழமை பெரிய கப்பல் ஒன்று வருகிறது. புதன் போகாவிட்டால் வெள்ளி அப்பா இறங்குவார், சொட்டு மருந்தை ஊற்றிக்கொண்டு. என் விரல் மடங்காததால் மேஸ்திரி என்னைக் கரையில் நிற்கச் சொல்லிவிட்டார். குழாய் யார் பிடிப்பது என்று கேட்டபோது கொட்டகை வாசலிலிருந்து அண்ணன், நான் பிடிக்கிறேன் என்றான். மேஸ்திரி, பார்றா, ரத்த பாசம் எங்க போகும் என்று அவன் முதுகில் தட்டினார். அண்ணன் கத்தவில்லை. பல் இல்லாத வாயால் சிரித்தான். அவன் கத்தினால் எனக்குப் பயமில்லை.

அவன் எதற்குக் குழாயைக் கேட்கிறான் என்று அப்பாவுக்கும் தெரியும். அவன்தானே, பிடிக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பதுபோல் இருந்தது.

அண்ணனிடம் போய்க் காலைப் பிடித்தேன். உனக்கு எதுக்கு இதெல்லாம், ஊமை ஊமையாவே இரு என்று என் தலையைத் தடவினான். போலீஸுக்குப் போனால் என்ன சொல்வேன்? ஒருவன் தன் தகப்பனுக்குக் காற்றுக்குழாய் பிடிக்கப் போகிறான் என்றா?

அக்கா, அப்பாவை மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கவில்லை. உன் பக்கத்தில் படுக்கும்போது உன் வலது காதுப் பக்கமாகத்தான் நான் படுப்பேன், எனக்கு மறக்கவில்லை. அந்த மனுஷனைப் பார்க்கவோ பேசவோ வேண்டாம். ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பு. என் காது சரியாகிவிட்டது, நீங்களும் போய்ச் செய்துகொள்ளுங்கள் என்று எழுது. உன் கையெழுத்து அவருக்குத் தெரியும். உன் காது உண்மையிலேயே சரியாகியிருந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. சரியாகாவிட்டாலும் அப்படியே எழுது. அவர் பல வாரம் கரையில் இருக்கட்டும். அதற்குள் அண்ணனிடம் நான் பேசுவேன். எப்படியாவது பேசுவேன்.

லாரிக்காரர் செவ்வாய்க்கிழமை இங்கே திரும்பிவிடுவார். நல்லவர், ஆனால் அவசரக்காரர், டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டு அதற்குள் எழுதிவிடு. அப்பாவுக்காக வேண்டாம், அக்கா. நம் அண்ணன் கை இதுவரை சோறும் சுரண்டியும்தான் பிடித்திருக்கிறது. அந்தக் கையை எனக்கு அப்படியே திருப்பிக் கொடு.

பாப்பாவுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நீடூழி வாழ வேண்டும்.

உன் பதிலுக்காக வாசலிலேயே நிற்கும்
தங்கை