மூன்று நிமிடத்துக்குத் தொண்ணூற்று நான்கு சுற்று

அண்ணே,

இன்று காலை உங்கள் வீட்டில் அந்தக் கரண்ட் பெட்டியைத் துடைத்தேன். பிஸ்கட் டின்னில் நீங்கள் செய்தது. ரெக்கார்ட் பிளேயருக்கு ஒரு முழம் தள்ளித் தனியாக உட்கார்ந்திருக்கும். சுவரில் சுவிட்சைப் போட்டதும் சூடான வார்னிஷ் வாசனை வந்தது. உங்கள் சட்டையிலும் அந்த வாசனைதான் இருக்கும். தூசி போன இடத்தில் நீங்கள் சிவப்புப் பெயின்டில் எழுதியது பளிச்சென்று தெரிந்தது.

"என்னாண்ணே எழுதிருக்கீங்க?" என்று பெட்டி முடித்த அன்றே கேட்டேன்.

"ஆபத்து, தொடாதேன்னு எழுதிருக்கு. கைய கிய்ய வச்சுறாத."

ஒன்பது வருடம் நான் அதில் விரல்கூட வைக்கவில்லை. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் பிளேயரைத் துடைப்பேன், பெட்டியைத் துடைக்க மாட்டேன். இப்போது எனக்கு எழுத்து தெரியும். தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள், போனேன். பஸ் பலகை படிக்கிறேன், உப்புப் பக்கெட் படிக்கிறேன், மருந்துச் சீட்டில் என் பெயரைப் பார்த்து நானே சிரித்துக்கொள்கிறேன். உங்கள் 'ஆபத்து' எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் குனிந்தேன். முதல் எழுத்து 'ஆ' இல்லை.

எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "பாட்டு மெதுவாக ஓடுது என்று முதலில் சொன்னது அடுத்த காம்பிராத் தம்பி. நான் நம்பாமல் பேசினேன். எண்ணிக் காட்டினார். அவர் காது சரி."

அடுத்த காம்பிரா என்றால், இந்த லயத்து வரிசையில் உங்கள் வீட்டை ஒட்டிய என் வீடுதான். உங்கள் மருமகளைக் கூப்பிட்டேன். நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று பயம். அது வாசலிலேயே நின்று படித்துவிட்டு, "சரியாத்தான் படிச்சிருக்கீங்க மாமா" என்றது.

"இது உனக்கு முந்தியே தெரியுமா?"

"லயத்துல எல்லாருக்கும் தெரியுமே. வர்றவங்க போறவங்க எல்லாம் படிப்பாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு மட்டும் தெரியாது அண்ணே. யாருக்காக எழுதினீர்களோ அவன் ஒருவன்தான் படிக்க முடியாதவன். நேரில் 'டேய்' என்கிற ஆள், எழுத்தில் 'எண்ணிக் காட்டினார்' என்று மரியாதை வேறு. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன? அந்த வார்த்தைக்காக எத்தனை நாள் காத்திருந்தேன் தெரியுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கும் மறந்திருக்காது. தோட்டத்துத் துரை மாறிப் போகும்போது விட்டுப்போன பிளேயரை நீங்கள் பழுது பார்த்துப் புது பெல்ட் போட்டிருந்தீர்கள். மேட்டு லயத்து ஆட்கள் நாலு பேர் பாட்டுக் கேட்க வந்திருந்தார்கள். நீங்கள் நாதஸ்வரத் தட்டைப் போட்டீர்கள். மணி ஆறரை. எல்லா வீட்டிலும் லைட்டும் டீவியும் ஓடுகிற நேரம். அந்தத் தட்டையே மழைக்காலத்தில் ஒரு பகல் கேட்டிருந்தேன். அப்போது அது கல்யாண ஊர்வலம் மாதிரி போனது. இப்போது இழவு வீட்டுக்குப் போவது மாதிரி நடந்தது.

"மெதுவா ஓடுதுண்ணே" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். கோடு போட்ட வட்டத் தாள் ஒன்றைத் தட்டின் மேல் வைத்து, டியூப் லைட்டுக்கு நேரே காட்டினீர்கள். லைட் கரண்ட்டோடு துடிக்கிறது, வேகம் அந்தத் துடிப்புக்குச் சரியாக இருந்தால் கோடுகள் ஓடாமல் நிற்பது போலத் தெரியும் என்றீர்கள். கோடுகள் நின்றன.

"கோடு நிக்கட்டும். பாட்டு தள்ளாடுதே."

"ரோலர்காரருக்கு நாதஸ்வரமும் ரோலர் மாதிரிதான் கேக்கும் போல" என்றார் வந்தவர்களில் ஒருவர். தேயிலை ரோலரோடு முப்பது வருடம் நின்றவன் நான். அது ஒரு சுற்று பிந்தினால் முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்வேன். அதனால் விடவில்லை. "ஆத்துக் கரண்ட் எறங்கியிருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அதுதான் உங்களுக்குச் சுட்டது. லயத்துக்குக் கரண்ட் கொடுக்கிற ஓடைத் தண்ணி டர்பைனை உங்கள் பிள்ளை மாதிரி பார்த்தவர் நீங்கள். விடியற்காலைக் குளிரில் வாய்க்கால் வலையில் இறங்கிச் சருகு அள்ளிய கை உங்கள் கை. அதைக் குறை சொன்னால் பொறுப்பீர்களா?

"கையெழுத்து வைக்கத் தெரியாத ஆளு, அளவைப் பத்திப் பேச வந்துட்டான்" என்றீர்கள். நாலு பேரும் சிரித்தார்கள். எழுந்து வந்துவிட்டேன். இரண்டு போயா, இரண்டு பௌர்ணமி, கழிந்தும் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. பிரெட்டு வாங்கக் கடைக்குப் போனால் நீங்கள் நிற்பீர்கள். நான் உப்பு வாங்குவது போலத் திரும்பிக்கொள்வேன்.

பிறகு ஒரு சாயங்காலம் நீங்களே வந்தீர்கள். சுவரில் மாட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தீர்கள்.

"வாப்பா, வந்து எண்ணு."

"எனக்குத்தான் அளவு தெரியாதே."

"கோவத்த அப்புறம் வச்சுக்க. இந்த மணிக்கூடு பெட்டரியில ஓடுது. இது நம்ம டர்பைன கேக்காது. மூணு நிமிஷத்துல தட்டு நூறு சுத்து சுத்தணும். நான் ஒத்தையா எண்ணிப் பாத்துட்டேன். அம்பதுக்கு மேல பாட்டுக்குள்ள போயிர்றேன்."

"அதுக்குத்தான் ரோலர்காரன் வேணும்" என்று எழுந்தேன்.

தட்டின் ஓரத்தில் வெள்ளைப் பிளாஸ்டர் துண்டு ஒன்றை ஒட்டினீர்கள். நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்தீர்கள், நான் பிளாஸ்டரைப் பார்த்தேன். நீங்கள் "நிப்பாட்டு" என்றதும் நான் "தொண்ணூத்தி நாலு" என்றேன்.

நீங்கள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டீர்கள். வெகு நேரம் டியூப் லைட்டையே பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "லைட்டும் அதே கரண்ட்டு. மோட்டரும் அதே கரண்ட்டு. தண்ணி எறங்குனா ரெண்டும் சேந்துதான் எறங்கும். கோடு எப்பிடிப்பா ஓடும்? துணி சுருங்குறப்ப மொழக்கோலும் சுருங்கிருச்சு."

மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தீர்கள். சீனி கூடப் போட்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் உங்களுக்குத் தூக்கம் போயிற்று. ஹட்டன் ரேடியோக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு மூன்று தடவை போனீர்கள். பழைய வேன் பெட்டரி ஒன்று, அதை நிரப்ப ஒரு சார்ஜர், மணிக்கூட்டுக்குள் இருப்பது போன்ற குவார்ட்ஸ் என்கிற சின்னப் பளிங்குக்கல் வைத்த பலகை ஒன்று. அந்தக் கல் தன் துடிப்பை மாற்றாது, ஊரே ஒரே நேரத்தில் லைட் போட்டாலும் மாற்றாது, மோட்டருக்கு அதிலிருந்துதான் கரண்ட் என்று பஸ்ஸில் எனக்கு விளக்கினீர்கள். பக்கத்தில் கீரைக் கட்டோடு இருந்த அம்மாவும் சேர்ந்து தலையாட்டியது.

முதலில் எல்லாவற்றையும் பிளேயரின் அடியிலேயே வைத்துப் பூட்டினீர்கள். வேகம் சரியாக வந்தது. ஆனால் பாட்டுக்குள் வண்டு புகுந்தது போல 'ம்ம்' என்று ஓர் இரைச்சல். அரை நாள் திருகாணியை இறுக்கினீர்கள், போகவில்லை. கோபத்தில் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டீர்கள். வயரை மட்டும் நீளமாக்கி, டின்னில் அடைத்து, ஒரு முழம் தள்ளி வைத்தீர்கள். இரைச்சல் நின்றது. ட்ரான்ஸ்போமர் ஊசிக்குப் பக்கத்தில் இருந்ததுதான் குற்றம்.

"பெட்டி தள்ளி நின்னா ஊசி மொணங்காது" என்று மட்டும் சொன்னீர்கள்.

அன்று நாம் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. நாதஸ்வரக்காரர் அடுத்த வரிக்கு மூச்சு இழுப்பது கேட்டது. தவிலில் விரலும் குச்சியும் தனித்தனியாகக் கேட்டன. நீண்டு நிற்கிற ஒரு சுரம் ஆடாமல் நின்றது. வெளியே எந்த வீட்டில் எதைப் போட்டாலும் அது ஆடவில்லை. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, பெயின்டைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

அந்தப் பெயின்டால் என்ன எழுதினீர்கள் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் நானும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அன்று நான் எண்ணியது முழுக்க உண்மை இல்லை. அறுபது வரை சரியாக எண்ணினேன். அந்த இடத்தில்தான் அந்த நீண்ட சுரம் வந்தது. நானும் உங்களைப் போலவே உள்ளே போய்விட்டேன். வெளியே வந்தபோது பிளாஸ்டர் எத்தனை சுற்று போயிருந்ததோ தெரியாது. அறுபத்தைந்து இருக்கும் என்று பிடித்து மேலே எண்ணினேன். மெதுவாக ஓடியது நிச்சயம். தொண்ணூற்று நான்கு என்பது உத்தேசம். அந்த உத்தேசத்தை நம்பித்தான் நீங்கள் ஹட்டனுக்கு மூன்று தடவை பஸ் ஏறினீர்கள். சொல்லிவிடலாம் என்று பல தடவை வாய் வரை வந்தது. அவ்வளவு சிரிப்புக்குப் பிறகு கிடைத்த மரியாதை, விட மனம் வரவில்லை.

இந்த மடலை மூன்று மணி நேரமாக எழுதுகிறேன். நடுவில் எழுந்து, பெட்டியைப் போட்டு, மணிக்கூட்டை மடியில் வைத்துத் தட்டை எண்ணிப் பார்த்தேன். நூறு வரவேண்டும். இந்த வயதிலாவது ஒழுங்காக எண்ணி உங்களுக்கு எழுதலாம் என்றுதான். நாற்பத்தெட்டு வரை போனேன். அதற்கு மேல் பாட்டு விடவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன், அப்போதும் விடவில்லை. உங்கள் பெட்டி வந்த பிறகு அது முன்னைவிட நன்றாக இருக்கிறது, நான் என்ன செய்ய?

மணிக்கூட்டைச் சுவரில் மாட்டிவிட்டேன். நூறு இருக்கும் அண்ணே. நீங்கள் செய்த பெட்டி. எண்ணாமலே நம்புகிறேன்.