உவர்க்களக் காற்றுக்கு ஏற்ற பட்டம்

காற்றும் மழையும் நிலம் காக்க.

உடும்புக்கொடி எழுதிய பட்டத்தை உவர்க்களத்தில் எவரும் கைவிடுவதில்லை. இது கல்லில் வெட்டப்பட்டதன்று, செப்பேட்டில் ஏறியதன்று, அவையில் எவரும் ஆணையிட்டதுமன்று. புதிதாய் வரும் தேரோட்டிக்கு இதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. ஆயினும் கயிறு கைக்கு வரும் முதல் நாளிலேயே அவர் அதை அறிந்திருக்கிறார். எம் அரசராகிய கோமகனின் கொடியில் இருப்பது உடும்பு; உடும்பு பற்றியதை விடாது; ஆதலால் அக்கொடியைச் சுமந்து பறக்கும் பட்டத்தை விட்டு, அது மண்ணில் கவிழக் கண்டவர் இந்நாட்டின் முகத்தில் விழிக்கத் தகாதவர் என்று எல்லோரும் எண்ணுகிறோம்; எவரும் சொல்வதில்லை.

மேல்மலை முதல் கீழ்க்கரம்பு வரை ஒரு குடைக்கீழ் ஆள்பவரும், உப்பையும் காற்றையும் ஏவல் கொண்டவருமாகிய கோ ஊழிவேல் அரையர் திருவடி நிழலில், உவர்க்கள வழியின் நாயகமாய் நிற்கும் அமைச்சன் பூழிக்காரி எழுதுவது: அலை ஓயாத் துறைகளுக்குத் தலைவரும், அரசரின் பட்டக்கொட்டிலுக்குக் காவலருமாகிய நுரைத்துறைத் தாழிவேள் காண்க. உம் கலங்கள் சேதமின்றிக் கரை சேர்க. உம் கொட்டிலில் ஊசி பிடிக்கும் விரல்கள் நோவின்றி இருக்க. உம் நாட்டில் எந்த முற்றத்திலும் அழுகுரல் கேளாதிருக்க. இங்கே கேட்கிறது, அதனாலேயே இவ்வோலை.

நீவிர் கடலோடு வாழ்பவர்; எம் களத்தைக் கண்டதில்லை. ஆகையால் அதன் இயல்பை முதலில் சொல்கிறோம். ஒரு காலத்தில் ஏரியாய் இருந்து வற்றிய வெண்ணிலம் அது; ஒரு பகல் வழித் தொலைவு. மேலே உப்பு ஓடு. கீழே இடுப்பளவு உளைச்சேறு. மாட்டின் குளம்பு பட்டால் ஓடு உடையும். அகன்ற சக்கரம் உருண்டால் உடையாது. எனவே மாடும் குதிரையும் செல்ல இயலாத அவ்வழியில், மூன்று சக்கரத் தேரில் ஒருவர் தாழ அமர்ந்து, முன்சக்கரத்தைக் காலால் திருப்பி, தலைக்குமேல் பறக்கும் இழுபட்டத்தின் வலியால் ஓடுகிறார். களத்தின் அக்கரையில் இருப்பது அரிகோடு. அங்கே மூன்றாம் ஆண்டாக வெப்புநோய் நிற்கிறது. நோய்க்குரிய பட்டையும் வேரும் இக்கரை மலையில் மட்டுமே விளைகின்றன. பத்து நாளுக்கு ஒரு தேர் சென்றால் அரிகோடு பிழைக்கும். தேரோட்டிகள் பன்னிருவர் இருந்தனர். இன்று ஐவர்.

முதற்பிழை எம்முடையது, அதை மறைக்கமாட்டோம். எத்தகைய பட்டம் வேண்டும் என்று உம் கொட்டில் வினவியபோது, யாம் கோட்டை மதிலின்மேல் ஏறி, அங்குள்ள கொடித்துணி எவ்வளவு நிமிர்ந்து பறக்கிறதென்று முப்பது நாள் பார்த்து, அதன் நடுவளவைக் குறித்து அனுப்பினோம். மதில்மேல் வீசுவது மதிலின் காற்று. களத்தில் வீசுவதோ கரட்டு மலைகளில் இடறி, பள்ளங்களில் புரண்டு, உடைந்து வந்து சேரும் காற்று. அது ஒருமுறை மூச்சுவிடும் நேரம் அறவே ஓயும். அடுத்த மூச்சில் இருமடங்காய்த் திரும்பும். நடுவளவுக் காற்று என்பது அங்கே ஒருபொழுதும் வீசுவதில்லை. இல்லாத காற்றை அளந்து அனுப்பிவிட்டு, அதற்குரிய பட்டத்தைக் கேட்டிருக்கிறோம்.

நீவிர் அனுப்பியவை உம் கடற்பட்டங்கள்: பதினான்கு முழ நீளம், மூன்று முழ அகலம், வாளின் அலகுபோல் ஒடுங்கிய வடிவம். சீராய் வீசும் கடற்காற்றில் அவற்றின் விரைவுக்கு நிகரில்லை என்பதை ஒப்புகிறோம். எம் களத்திலோ, காற்று ஓயும் கணத்தில் அந்நீண்ட பட்டத்தின் ஒரு முனை உள்ளே மடிந்தது; கயிறுகள் தொய்ந்தன; திரும்பி வந்த காற்று மடிந்த பட்டத்தைக் கோணலாய் நிரப்பி, ஓடும் தேரைப் பக்கவாட்டில் இழுத்தது. இவ்வாறு மூவர் மாண்டனர்; முதலில் போனவர் அள்ளன், தேரோட்டிகளுள் மிகத் தேர்ந்தவர். மூன்று ஆள் உயரம் தூக்கப்பட்டுக் கரம்பின் கற்களில் விழுந்தார். கயிறு அவர் இரு உள்ளங்கைகளிலும் எலும்புவரை அறுத்திருந்தது. விடவில்லை.

அதன்பின் அதே வடிவத்தில் பாதியளவு பட்டங்களைக் கேட்டோம். வடிவத்தை மாற்றாமல் அளவை மட்டும் குறைப்பது தீர்வாகும் என்று எண்ணியது இரண்டாம் பிழை. அவை தூக்கவில்லை, ஆனால் இழுக்கவும் இல்லை. காற்று தணிந்தபோது தேர்கள் நடுக்களத்தில் நின்றன. காற்று வந்தபோது சிறு பட்டம் கை அசையுமுன் தானே சுழன்று தரையில் மோதியது. நின்ற தேரைவிட்டு நடந்தவர்களை உளை விழுங்கிற்று. அவ்வாறு இறந்தவர் மூவர். இதை அறிவித்தபோது உம் கொட்டிலார் எம் ஓலைக்காரரிடம் சொல்லியனுப்பிய மறுமொழியை, அவர் கேட்டவாறே திருத்தாமல் பொறிக்கிறோம்: "எங்க துறையில நண்டு பிடிக்கிறவன்கூட இந்தப் பட்டத்தை ஒத்தக்கையில அடக்குவான். உங்க மலைக்காரங்க கையில என்ன வெண்ணெயா தடவியிருக்கு?" தாழிவேளே, அக்கைகளை யாம் கழுவிப் புதைத்தோம். அவற்றில் வெண்ணெய் இல்லை.

சினத்தால் பயனில்லை ஆகையால், இம்முறை எம் தேரோட்டிகளையே வினவினோம். அவர்கள் மதிலை விட்டுக் களத்தில் இறங்கி, தேரில் அமர்ந்தவரின் தலையுயரத்தில் கோல் நட்டு, துணி கட்டி, காற்றின் உச்சத்தையும் ஓய்வையும் வேறுவேறாய்க் குறித்தனர். அதன்படி எம் தச்சரும் தையற்காரரும் குறும்பட்டத்தைச் சிறிதும் பெரிதுமாய் மூன்று அளவுகளில் செய்தனர். அதன் நீளம் அகலத்தின் மூன்று மடங்கைக் கடவாது. மெழுகு தோய்த்த பட்டுத்துணியில் மேலும் கீழும் இரு தோல், இடையில் அறைகள், காற்று புகும் வாய்கள் சிறியவை. புகுந்த காற்று எளிதில் வெளியேறாதாகையால், வீச்சு ஓய்ந்தாலும் பட்டம் வடிவு குலையாமல் வானில் காத்திருக்கிறது. நான்கு கயிறு: இரண்டு இழுப்பதற்கு, இரண்டு பின்விளிம்பை மடக்கி வேகத்தைக் கொல்வதற்கு. இது கடற்பட்டத்தினும் மெதுவானது. எனினும் திடீர்க் காற்றில் தலைதெறிக்க ஓடுவதில்லை, அமைதியில் செத்து விழுவதில்லை. எம் நிலத்துக்கு வேண்டியது இதுவே.

இவற்றோடு ஒரு முளையும் சேர்த்தோம். கயிறுகள் யாவும் தேரோட்டியின் அரைக்கச்சையில் ஒரு வளையத்தில் கூடுகின்றன. வளையத்தை மரமுளை ஒன்று பிணைக்கிறது. முளையைப் பிடுங்கினால் இழுகயிறுகள் அவிழும். பின்கயிறு ஒன்று மட்டும் நிற்கும். பட்டம் பறந்து தொலையாது, வலியிழந்து துணியாய்த் தரையில் விழும். ஆள் பிழைப்பார்.

இதை அப்போதிருந்த அறுவர்க்கும் காட்டினோம். முளை இங்கே இருக்கிறது என்றோம். கைக்கு எட்டுகிறதா என்று வினவினோம். பிடுங்குக என்று சொல்லவில்லை. அச்சொல் எம் நாவில் எழவில்லை. எழாததை அன்று யாம் உணரவும் இல்லை.

தை மாதம் ஏழாம் நாள் சேந்தன் என்னும் தேரோட்டி குறும்பட்டத்தோடு புறப்பட்டார். நடுவழியில் கரட்டுக் கணவாயிலிருந்து பெருங்காற்று இறங்கியது. பட்டம் மடியவில்லை, கோணவில்லை, பழுதின்றிப் பறந்தது. அவர் காற்றின் உச்சத்துக்கல்லாமல் அன்று காலையின் மெல்லிய காற்றுக்கேற்பப் பெரிய அளவை எடுத்திருந்தார், அதுவே குற்றம். தேர் கவிழ்ந்தபின்னும் பட்டம் அவரை உப்பின்மேல் அரைக் காதத் தூரம் இழுத்துச் சென்றது. உப்பு ஓடு உடைந்த கண்ணாடி போன்றது. அவர் உடலைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டோம். கச்சையில் முளை இருந்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் விரல்பட்ட குருதிகூட இல்லை.

இனி எழுதுவது நேற்றும் இன்றும் நிகழ்ந்தது.

நாளை அரிகோட்டுக்குச் செல்லும் முறை எயினியுடையது. அவர் சேந்தனின் மனைவி, ஐவருள் ஒருவர். நேற்று முற்பகல் தேர்க்கொட்டகையில் அவர் சக்கரத்துக்கு நெய்யிட்டுக்கொண்டிருக்கையில் சென்று, மெலிந்தவர் ஆதலால் எல்லாவற்றிலும் சிறிய பட்டத்தை எடுத்துச் செல்க என்றும், இடர் நேரின் முளையைப் பயன்படுத்தலாம் என்றும் கூறினோம். அவர் கையை நிறுத்தாமலே விடை சொன்னார்.

"பயன்படுத்தலாம்னா என்ன ஐயா? புடுங்குன்னு சொல்ல வாய் வரலியா?"

யாம் பட்டத்தின் நலத்தைச் சொல்லத் தொடங்கினோம்.

"பட்டம் நல்ல பட்டம்தான். அவரு போனதும் இதே பட்டத்துலதான். முளை கைக்கு எட்டுற எடத்துலதான் இருந்துச்சு. புடுங்கிட்டு அவரு வீட்டுக்கு வந்திருந்தா இந்த ஊரு அவருக்குத் தண்ணி குடுத்திருக்குமா? நீங்க குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருப்போம் என்று சொல்ல வாயெடுத்தோம். பொய்யென்று தோன்றியதால் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, யாரும் காணாதபோது கொடுத்திருப்போம், அவ்வளவே. அரசாணை வாங்கித் தருகிறோம் என்றோம். அதற்கு அவர் நகைத்து, "ஆணை கச்சையில இருக்குமா ஐயா, முளைக்குப் பக்கத்துல?" என்றார். பின்பு முறை தவறாமல் நாளை புறப்படுவதாயும், பட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றும், தமக்குப்பின் மிஞ்சும் நால்வர்க்குத் துணையாக முன்கூட்டியே யாரையேனும் பழக்குதல் நன்று என்றும் கூறிவிட்டுச் சக்கரத்துக்குத் திரும்பினார். இறக்கப்போகிறவர் பொருளை ஒழுங்குசெய்யும் குரலில் அதைச் சொன்னார்.

ஆகவே இன்று காலை ஐவரையும், ஊரவரையும், காவற்படையையும் களக்கரைக்கு அழைத்து, யாமே தேரில் அமர்ந்தோம். ஐம்பத்தெட்டு அகவையும் கனத்த உடலும் உடைய எம்மைக் கண்டு, பின்னின்ற தேரோட்டி ஒருவர், "ஐயாவை இழுக்கணும்னா ரெண்டு பட்டம் வேணும், ஒரு மாடும் வேணும்" என்றது எம் செவியில் விழுந்தது. எயினி பட்டத்தை எழுப்பிக் கொடுத்தார். உடும்பு வானேறியது. எல்லோரும் வழக்கம்போல் நெற்றியில் கைவைத்துத் தொழுதனர்.

காற்று தணிந்திருக்கும்போது முளையைப் பிடுங்கிக் காட்டுவது எம் எண்ணம். காற்று எம் எண்ணத்தைக் கேட்கவில்லை. தேர் நூறு அடி ஓடுமுன் கரட்டிலிருந்து வீச்சு இறங்கியது. இடச்சக்கரம் நிலம் விட்டது. அப்போது எமக்கு நேர்ந்ததை மறைத்தால் இவ்வோலை பொய்யாகும். விடுவதற்கென்றே வந்த கை விடவில்லை. முளையைத் தேடவேண்டிய விரல்கள் கயிற்றை மேலும் இறுகப் பற்றின. விழுந்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்ற ஒன்றே நெஞ்சில் நின்றது. உயிர் அதன் பின்னால் எங்கோ நின்றது. அள்ளனும் சேந்தனும் எதனால் மாண்டார்கள் என்பதை அங்கேதான் அறிந்தோம். தேர் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து ஓடியது. கச்சை விலாவை நெரித்தது. பல்லால் இடக்கையைக் கடித்து, வலக்கையைக் கயிற்றிலிருந்து பிரித்து, முளையைப் பிடுங்கினோம்.

முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவதில் வந்தது.

பட்டம் உயிர் போன பறவையாய்ச் சுருண்டு வீழ்ந்தது. உடும்பின் முகம் உப்புச் சேற்றில் கவிழ்ந்தது. தேர் சிறிது தூரம் ஓடி நின்றது. களக்கரையில் ஒருவரும் அசையவில்லை, படைவீரர் தலைகுனிந்தனர், ஊரவருள் பலர் முகம் திருப்பினர். எயினி மட்டும் களத்தில் நடந்து வந்தார். எம்மைப் பாராமல், எம் கச்சையின் வளையத்தைக் கையில் எடுத்து, முளைத்துளையில் விரல்விட்டுப் பார்த்தார்.

"முளை இறுக்கமா இருக்கு" என்றார். "நான் புடுங்குறதுக்குள்ள நேரமாயிடும். இழைச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

இப்போது எம் தச்சர் அதை இழைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆதலால் தாழிவேளுக்கு ஆணை: இனி உவர்க்களத்துக்கு நெடும்பட்டம் ஒன்றும் அனுப்பற்க. குறும்பட்டம் மூன்றளவில் தைத்து அனுப்புக: ஒன்பது முழம், ஏழு முழம், ஐந்தரை முழம், அகலம் ஒவ்வொன்றிலும் நீளத்தின் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாதிருக்க, கயிறு பன்னிரண்டு பாக நீளம், தேரோட்டிக்கு ஒரு கட்டாய் மூன்றும். இன்ன பொழுதுக்கு இன்னது என்பதைக் காற்றின் உச்சம் கண்டு தேரோட்டியே தேர்வார். மதிலின்மேல் நிற்பவர் எவரும், யாம் உட்பட, தேர்ந்தெடுக்கலாகாது. முளை ஒருகையால், ஒரே இழுப்பில், நெய்யிட்ட விரலுக்கும் வருவதாய் இழைக்கப்படுக. பங்குனி பிறக்குமுன் முதற்கட்டு இங்கே வந்து சேர்க. வரும் ஒவ்வொரு பட்டமும் களம் காணுமுன் ஊரறியப் பகலில் மும்முறை எழுப்பி, மும்முறை முளை பிடுங்கி, மண்ணில் வீழ்த்தப்படும்.

இவ்வோலையை உம் கொட்டில் முற்றத்தில் யாவரும் கேட்க உரக்கப் படிப்பிக்க. இதன் படி ஒன்று எம் கோமகன் திருமுன் செல்கிறது; அவர் அளிக்கும் தண்டனைக்குத் தலைவணங்கிக் காத்திருக்கிறோம்; ஆனால் ஆணையைத் திரும்பப் பெறமாட்டோம்.

கோ ஊழிவேல் அரையர்க்கு யாண்டு பதினொன்றாவது, மாசித் திங்கள் நான்காம் நாள், உவர்க்களக் கரையில், சேறு காயாத கையால் முத்திரை இட்டது. உடும்புக்கொடியைக் கைவிட்டவன் பெயர் கேட்பார்க்குச் சொல்க: அமைச்சன் பூழிக்காரி.