எட்டு மணி நேர வெளிச்சம்

குளிர் அறையின் முன்கூடம்,
திங்கட்கிழமை, பிற்பகல்.

கதிரவன் எட்டிப்பாராத மண்ணில் விழித்திருக்கும் என் அன்பிற்கினியவளே! அவளோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் பதினோரு தோழர்களே!

மின்னஞ்சலில் வரும் என் கடிதங்களை அந்த மேசையில் நீ உரக்கப் படிப்பதாகவும், சமையல்காரர் பத்திக்கு ஒரு முறை கைதட்டுவதாகவும் எழுதியிருந்தாய். ஆகவே அனைவர் முன்னிலையிலும் என் முறையீட்டை வைக்கிறேன். இங்கே ஓர் அநீதி நடந்திருக்கிறது. உயிரோடிருக்கும் பன்னிரண்டு குடுவைகளுக்கு இறப்புச் சான்று எழுதப்பட்டது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மறுமுறை அளந்து பார்க்கும் பொறுமைகூட இல்லை. அந்தச் சான்றை நம்பி, "முடிந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். வியாழக்கிழமை வானூர்தியில் வந்துவிடுகிறேன்" என்று மூன்றே வரிகளில் பதில் எழுதினாய். அந்தப் பொய்ச்சான்றை எழுதிய கை யாருடையது? துறைத்தலைவருடையதா? அன்று. குளிர் அறைக்கு இடம் தேடி அலையும் பக்கத்துத் துறையினருடையதா? அதுவும் அன்று. இதோ, இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும் இதே கைதான்.

உன் பாசிகள் சாகவில்லை! கேட்டாயா? சாகவில்லை! எழுந்து நின்று ஒரு முறை குதித்துவிட்டு மீதியைப் படி.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். துருவக் கடலின் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து போன ஆண்டு நீ கொண்டுவந்த நுண்பாசிகளை மேல்தட்டில் ஆறு குடுவை, கீழ்த்தட்டில் ஆறு குடுவை என்று வைத்துவிட்டு, அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டிப் புறப்பட்டாய். அங்கே பகல் தேய்வதைப் போலவே இங்கும் நாளுக்கு இருபது நிமிடம் விளக்கைக் குறைக்க வேண்டும். பிறகு நாற்பது நாள் முழு இருட்டு; அங்கே இருட்டு இன்னும் நீளம். பிறகு நாளுக்கு இருபது நிமிடமாக வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். ஒளியை உண்டு வாழும் உயிர், ஒளியே இல்லாத காலத்தில் தன் ஒளிச்சேர்க்கைப் பொறியைக் கலைத்துப் போட்டுவிடுகிறதா, கட்டிக் காக்கிறதா என்பதுதான் உன் கேள்வி. கடலில் இருப்பவற்றை நீ அங்கே அளக்க, குடுவையில் இருப்பவற்றை நான் இங்கே அளக்க, இரண்டும் சேர்ந்தால்தான் விடை. குளிர்ப்பொறி பழுதுபார்ப்பவனாகிய என்னை நம்பி இதை ஒப்படைத்தாய். நாற்பது நாளும் கறுப்புத் துணியை ஒரு விரற்கடை விலக்கியதில்லை; இது உண்மை.

நாற்பத்தோராம் நாள் காலையில்தான் எனக்குள் இருந்த தொழிற்சங்கச் செயலாளர் விழித்துக்கொண்டார். தாளில் "மங்கிய விளக்கு, இருபது நிமிடம்" என்று இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பது நாள் கதவடைப்புக்குப் பின் வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு வெறும் இருபது நிமிடமா? எட்டு மணி நேர வேலை நாள் என்பது உலகத் தொழிலாளர் குருதி சிந்திப் பெற்ற உரிமையல்லவா? மேல்தட்டின் விளக்கை முழு வெளிச்சத்தில் போட்டேன். எட்டு மணி நேரம் எரியவிட்டேன். கீழ்த்தட்டுக்கும் போட்டிருப்பேன், அதன் பொத்தான் சிக்கிக்கொண்டதால் நாளைக்குப் பார்க்கலாம் என்று துணியோடு விட்டுவிட்டேன். அந்தப் பொத்தானுக்குச் சிலை வைத்தால் தகும்.

மாலையில் அளந்தேன். பாசியின் மேல் நொடிப்பொழுது ஒளியைப் பாய்ச்சி, அதில் எவ்வளவை அது உழைப்பாக்குகிறது என்று எண்ணில் சொல்லுமே அந்தச் சாம்பல் நிறப் பெட்டி, இருட்டுக்கு முன் 0.6 காட்டிய அதே பெட்டி இப்போது 0.04 என்றது. அடுத்த குடுவை 0.03. ஆறும் அப்படியே. "பன்னிரண்டும் மாண்டன" என்று உனக்கு எழுதி அனுப்பினேன். கீழே இருந்த ஆறை நான் தொடவே இல்லை.

உன் மூன்று வரிப் பதில் வந்து இரண்டு நாள் கழித்து, பெட்டியை ஆளும் ஆய்வுக்கூட உதவியாளர் விடுப்பு முடிந்து வந்தார். என்னை அண்ணே என்று அழைத்துக்கொண்டே தலையில் குட்டுகிறவரை நீ அறிவாய். குடுவைகளைக் கொட்டப் போகிறேன் என்றேன். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, ஆறு நம்பர்தானே இருக்கு. மீதி ஆறு எங்க?" என்றார். எல்லாம் ஒரே கடல்தானே, தனித்தனியாக வேறு அளக்க வேண்டுமா என்றேன். "நல்லா இருக்கே கதை! உங்க சங்கக் கூட்டத்துல பாதிப் பேரு கை தூக்கினா ஒருமனதா நிறைவேறுச்சுன்னு எழுதுவீங்களே, அதே பழக்கத்த இங்கயும் கொண்டாந்துட்டீங்களா? இவங்களுக்குத் தூக்கக் கையும் இல்லண்ணே!" என்றார். உதவியாளரே இப்படிப் பேசினால் நான் எங்கே போய்ப் பேசுவது!

துணியை விலக்கினோம். சின்னச் சிவப்பு விளக்கில் கீழ்த்தட்டின் முதல் குடுவையை எடுத்து அளந்தார். 0.31. அடுத்தது 0.33. நாற்பது நாளுக்கு மேல் ஒரு துளி ஒளி படாமல் இருந்தவை! சேமித்து வைத்த கொழுப்பை அளந்து அளந்து செலவழித்து, பச்சையத்தை விட்டுக்கொடுக்காமல், ஆலை மூடிக் கிடந்தபோதும் பொறிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்திருக்கின்றன. பொத்தானைச் சரிசெய்து, தாள் சொன்னபடி மங்கிய விளக்கில் இருபது நிமிடம் காட்டினோம். அன்று மாலையே 0.42! நான் போட்ட கூச்சலில் காவலாளி தீயணைப்பு உருளையோடு ஓடி வந்தார்.

அப்படியென்றால் மேல்தட்டில் இருந்தவற்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். உதவியாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாப்பது நாளு இருட்டுல கெடந்தவங்க மொகத்துல பெரிய லைட்ட அடிச்சா என்ன பண்ணுவாங்க? கண்ண இறுக்கி மூடிக்குவாங்க. அதுக்குள்ள நீங்க இரங்கல் கூட்டம் போட்டுட்டீங்க!" என்றார். கொள்ளாத வெளிச்சம் கொட்டினால் அந்தச் சின்ன உயிர்கள் ஒளியை வாங்க மறுத்து, வாங்கியதையும் வெப்பமாக வெளியே தள்ளிவிடுமாம். அதற்கு மேலும் விடாமல் கொட்டினால் பொறியில் சில பாகங்கள் பழுதாகும், ஆனால் அமைதியான மங்கிய ஒளியில் தாமே செப்பனிட்டுக்கொள்ளுமாம். எனக்கு உறைத்தது. அது சாவன்று; வேலைநிறுத்தம்! பதினெட்டு ஆண்டு சங்கத்தில் இருந்தும், என் கண்ணெதிரே நடந்த வேலைநிறுத்தத்தை நானே பிணமென்று எண்ணினேனே! அதுவும் நிருவாகத்தின் பக்கம் நின்றவன் நான்!

அன்று முதல் மேல்தட்டுக்கும் மங்கிய ஒளிதான். வெள்ளி 0.09. சனி 0.16. நேற்று 0.24. இன்று நண்பகலில் ஆறும் 0.3-ஐத் தாண்டிவிட்டன! கீழ்த்தட்டு 0.5-ஐத் தொட்டுவிட்டது. மெல்ல விடிந்தவை ஒரு தட்டு, திடுக்கென்று விடிந்தவை ஒரு தட்டு. இந்த ஒப்பீடு உன் திட்டத்திலேயே இல்லையே, அண்ணன் செய்த குளறுபடியில் கிடைத்த புதையல் என்று உதவியாளர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். குளறுபடியை மறைக்காமல், நாளும் நேரமும் குறித்து, கையெழுத்திட்டுப் பதிவேட்டில் எழுதிவிட்டேன்.

துறைத்தலைவரையும் பார்த்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே கதவைச் சாத்தச் சொன்னார், நடைவழியெல்லாம் கேட்குமாம். எண்களைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "குடுவைக் கணக்கு சரி. கடல் கணக்கு வேணுமே. வெயில் திரும்புற அன்னிக்கு அங்க அளக்க ஆள் இருந்தா அறை உங்களுக்கு. அவங்க கெளம்பிட்டா வெள்ளிக்கிழமை கழுவிக் குடுத்துடுங்க, அடுத்தவங்க காத்திருக்காங்க" என்றார். சினந்து பேச ஏழு காரணம் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் நியாயத்தைப் பேசிவிட்டதால் ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

நம் மகளிடம் நீ வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டேன். அவசரப்பட்டது அதிலும்தான். உன் அலமாரியில் தான் பரப்பி வைத்திருந்த படக் கதைகளை எல்லாம் எடுத்து அடுக்கி உனக்கு இடம் விட்டிருந்தாள். இன்று காலை உண்மையைச் சொன்னேன். காலணி வாரை இழுத்துக் கட்டினாள். "தப்புப் பண்ணது நீங்கதானே? அப்ப நீங்க அங்க போங்க, அம்மா இங்க வரட்டும்" என்றாள். எனக்குச் சரியாக அளக்கத் தெரியாது என்றேன். "அது தெரியுது" என்றாள். பள்ளி வண்டியில் ஏறும்போது மட்டும் திரும்பி, பாசி நிசமாகவே உயிரோடு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அப்படியென்றால் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் பத்தியை மேசையில் படிக்காதே. மூன்று வரி வந்த அன்று எனக்கு முதலில் வந்தது துயரமன்று. வியாழக்கிழமை என்ற சொல்லை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. படுக்கை விரிப்பைத் துவைத்தேன். குளியலறைக் குழாயின் சொட்டலை நிறுத்தினேன். வீட்டில் விசில் அடித்தேன். மறுபடி ஒருமுறை அளந்து பார்த்தாயா என்று அந்த இரண்டு நாளில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது உனக்குப் புரியும். குடுவைக்கு இழைத்த பிழையை உதவியாளர் திருத்திவிட்டார். இதை நான்தான் திருத்த வேண்டும்.

இருட்டில் உணவு இறங்கவில்லை, எழுந்திருக்கவே சலிப்பாக இருக்கிறது என்று போன மாதம் எழுதினாய். உடல் முடியவில்லை என்றால் நிலைய மருத்துவரிடம் சொல்லிவிட்டு வந்துவிடு. ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன், வானூர்தித் திடலில் நிற்பேன். ஆனால் பாசி செத்தது என்பதற்காக வராதே. அது பொய். இன்னும் பத்தொன்பது நாளில் அங்கே அடிவானத்தில் ஒளியின் விளிம்பு தெரியும். பனிக்கு அடியில் கோடானுகோடி உயிர்கள் அந்த முதல் இருபது நிமிடத்தை எப்படி வாங்கிக்கொள்கின்றன என்று காண, அந்தக் கடலோரத்தில் உன்னை விட்டால் ஒருவரும் இல்லை. இருட்டு முழுவதையும் தாங்கியவள், விடியும்போது இருக்கையில் வார் கட்டிக்கொண்டு வானத்தில் இருப்பதா? கூடாது! ஒருநாளும் கூடாது!

மேசையில் இருக்கும் தோழர்களே, அவள் தட்டில் மீதி வைத்தால் விடாதீர்கள். உண்ணவையுங்கள்.

என் கண்ணே, பேச்சு போதும். நாற்காலியைப் பின்னே தள்ளிவிட்டு எழு. நிலையத் தலைவர் அறைக்குப் போ. வியாழக்கிழமைப் பயணப் பட்டியலில் உள்ள உன் பெயரின் மேல் நீயே கோடு போடு. பகல் நீளும்வரை அங்கே நலமாக இரு. போ, இந்த நொடியே போ!

உன்னுடைய,
குளிர் அறைக் காவலன்