ஒரு வருஷச் சந்தாவும் எங்கள் பாடும்

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கேஸ் தீரப்போகிறது, சொல்லிவைக்க வேண்டும்.

மீனவர் நிவாரணப் பணம் வந்ததா என்று பார்க்க பேங்க் போனேன். வந்ததாம். வந்த அன்றே போயும் விட்டதாம். ஏதோ ஆப், ஒரு வருஷச் சந்தா. சனிக்கிழமை ஏரியில் எங்கள் பாடு, வலை போடும் முறை. முறை சுற்றி வந்து எங்களுக்குக் கிடைப்பதே ஒரு நாள். பழைய சுத்துவலையை நண்டு கடித்துக் கந்தலாக்கிவிட்டது. புது வலைக்கு இந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தோம்.

சாயங்காலம் வீட்டுக்காரரைக் கேட்டேன். தலையைச் சொறிந்தார். போன மாதம் கரையில் டிப்டாப்பாக ஒரு ஆள் வந்து, முதல் மாதம் இலவசம் என்று எல்லோர் போனிலும் போட்டுக் கொடுத்தானாம். காற்று காட்டுமாம், மீன் இருக்கும் இடம் காட்டுமாம். ஏரியில் இடுப்பளவு தண்ணீர். இவருக்கு மேப் வேறு.

"நான் அத்த தொறக்கவே இல்லியே. அப்பறம் இன்னாத்துக்கு துட்டு எடுக்கறான்?"

இங்கே முறை நாளில் ஒருவர் கரைக்கு வரவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அடுத்தவர் போவார். போனிலும் அப்படித்தான் என்று சும்மா இருந்திருக்கிறார். திட்டவும் மனசு வரவில்லை. திட்டினேன்.

புதன்

வெயில். கருவாடு காயப்போட்டேன்.

கஸ்டமர் கேர். ஒரே பாட்டு, காது வலி. கடைசியில் ஒரு பெண், ரொம்ப மரியாதை. "நீங்க வேணாம்னு சொல்லலையே மேடம்." வேண்டும் என்று எப்போது சொன்னோம்? டிக் போட்டிருக்கிறோமாம். அடுத்த வருஷத்துக்கு நிறுத்திவிட்டாளாம், இந்த வருஷப் பணம் திரும்பாதாம்.

தட்டாமல் வீட்டுக்குள் வந்து அரிசிப் பானையில் கை விடுகிறவனுக்கு ஊரில் என்ன பெயர்? அதைத்தான் சொன்னேன். பாவம், சம்பளத்துக்குப் பேசுகிறவள். இருந்தாலும் சொன்னது சொன்னதுதான்.

வெள்ளி

மறுபடி பேங்க். எழுதிக் கொடுத்தேன். மேனேஜர், "நீங்களே அனுமதி குடுத்திருக்கீங்கம்மா" என்கிறார். பார்ப்பார்களாம், நாளாகுமாம். குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

வலைக்கடையில் பழைய பாக்கி, புதிதாகக் கடன் தரமாட்டார்களாம். இரவல் கேட்கலாம் என்றால் இறால் காலம், யார் வலை சும்மா கிடக்கிறது? அவர் கந்தலைப் பிரித்துப் பார்த்துவிட்டு மூலையில் போட்டார்.

விளக்கு வைக்கும் நேரம் தேசப்பன் வந்தான். எங்களுக்கு அடுத்த முறை அவனுடையது. நாங்கள் போகாவிட்டால் பாடு தானாக அவனுக்கு. நேரே ஏரிக்குப் போயிருக்கலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. மழையில் வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, நாளைக்கு உன் பாடு. வலை இல்லனு சொன்னாங்க. நீ வாயத் தொறந்து சொன்னா தான் போவேன். போவட்டா?"

இவர் மூலையில் கிடந்த கந்தலை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "போய்ட்டு வா" என்றார்.

நான்கு நாளாக வராத அழுகை அப்போது வந்தது. சோறு அடிப்பிடித்துவிட்டது.