கறுப்பு ஓரக் கடிதம்

பார்த்திப வருஷம், கார்த்திகை 9, சனி.

நான் வேலை செய்யும் வீட்டு நர்ஸம்மா போலந்து நாட்டவர். குடும்பப் பெயர் கோவால்ஸ்கா. கொல்லர் வழி வந்த பெயராம். பிழைக்கப் போனவர்களோடு அமெரிக்கா, பிரேசில் வரை போய்விட்டதாம். ஜெர்மன் சண்டையில் காணாமல் போன தம்பியைத் தேடி, அந்தப் பெயர்க்காரர்களுக்கெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தார்.

இன்று பிரேசிலிலிருந்து கறுப்பு ஓரம் போட்ட கடிதம் வந்தது. படித்ததும் மேசையில் வைத்துவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். துக்கக் கடிதம் வீட்டில் இருக்கக் கூடாதே என்று, உறையோடு கிழித்து அடுப்பில் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார்.

"பொன்னுத்தாயி, கடிதம் எங்கே? தம்பி போய்விட்டான். அவன் மகள் இருக்கிறாள். எழுதியவர் யாரென்றே தெரியாது. விலாசம் அதில்தான் இருக்கிறது."

"காத்துல பறந்திருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன்.

இருட்டும்வரை வீட்டுக்கு எதிரே இருக்கும் தெப்பக்குளக் கரை நெடுகத் தேடினார். நானும் கூடவே தேடினேன்.

ஆத்தாவிடம் மட்டும் சொன்னேன். "நல்லதுதானடி செஞ்ச. துக்கத்த யாராச்சும் வீட்டுக்குள்ள வச்சிருப்பாகளா?" என்றாள்.

அந்தப் பிள்ளைக்கும் அதே பெயர்தான் இருக்கும். எந்த ஊரிலோ.

அடுப்புச் சாம்பல் அப்படியே கிடக்கிறது. காலையில் அதை அள்ள வேண்டியவள் நான்தான்.