ஆரஞ்சு விளக்கு எரிந்தால் எரியட்டும்

ஔந்த், புனே
ஞாயிறு மாலை

சௌபாக்யவதி சுப்ரஜாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம், கால்கரிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி கிளி பிடிக்காமல் சௌக்கியமாக இருக்கப் பெருமாள் துணை. போன் இருக்க எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ மூன்று சொல்லிவிடுகிறாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

காரை நான் விற்கப் போவதில்லை. ஹரிபிரசாத் உன்னிடம் சொன்னது பாதிக் கதை. அவன் என் அண்ணா பிள்ளை, நல்லவன், ஹிஞ்சேவாடியில் பெரிய வேலை, எல்லாம் சரி, ஆனால் போன வாரம் பஞ்ச்கனியிலிருந்து மலை இறங்கும்போது நடந்தது இதுதான். நம் காரில் கியர் கம்பியின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது, ஓவர்டிரைவ் பொத்தான். அதை அழுத்தினால் வண்டி நாலாவது கியருக்குப் போகாது, மூன்றிலேயே நிற்கும், இறக்கத்தில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கை ஓயாமல் மிதித்துச் சூடாக்க வேண்டாம். அப்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டரில் ஓர் ஆரஞ்சு விளக்கு எரியும், எஞ்சின் கொஞ்சம் உறுமும், அவ்வளவுதான். வண்டியோடு வந்த புத்தகத்தில் எல்லாம் போட்டிருக்கிறது, இந்த வீட்டில் அதைப் படித்த ஒரே ஆள் நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹரி விளக்கைப் பார்த்துவிட்டு, அத்தை ஏதோ கைதவறி அழுத்திவிட்டாள் என்று தானே முடிவுகட்டி, என்னைக் கேட்காமல் பொத்தானைத் திரும்பத் தட்டி விளக்கை அணைத்துவிட்டான். வண்டி வழுக்கிக்கொண்டு வேகமெடுத்தது, எதிரே வளைவு, வளைவில் ஸ்டிராபெர்ரி ஏற்றிய டெம்போ. பிரேக்கை ஊன்றி மிதித்தேன், அவன் கையில் பளாரென்று ஒன்று வைத்தேன், பொத்தானை மறுபடி அழுத்திக்கொண்டு அடிவாரம் வரை பதறாமல் இறங்கினேன். நான் அடித்ததைச் சொன்னவன் எதற்கு அடித்தேன் என்பதைச் சொல்லவில்லை பார். கியர் பெட்டி போயிருக்கும் என்றாயே, போபோடியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் இர்பானிடம் காட்டினேன். மலை இறங்கி வருகிறவர்கள் கருகிய பிரேக்கோடு வருகிறார்கள், உங்கள் வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார்.

எனக்குக் கோபம் ஹரி மேல் இல்லை, உன் மேல். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நெட்டில் விளம்பரம் போட்டு, கராடியிலிருந்து வண்டி வாங்க ஆளையும் இன்று காலை அனுப்பிவிட்டாய். அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி, இனிமேல் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, முப்பத்தைந்து வருஷம் இடது பக்கம் உட்கார்ந்து வந்தவள் ஐம்பத்தொன்பது வயதில் ஸ்டியரிங் பிடித்தேன். கிளட்ச் மிதிக்க முழங்கால் ஒத்துக்கொள்ளாது என்றுதான் இந்த ஆட்டோமேட்டிக்கைத் தேடி வாங்கினோம். கேப்பில் போ என்கிறாய், மழை நாளில் கண் ஆஸ்பத்திரி வாசலில் மூன்று கேப் கேன்சலாகி அப்பா நனைந்தது உனக்குத் தெரியாது. அதோடு, எனக்கு ஓட்டப் பிடித்திருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வந்தவர் கோயமுத்தூர்ப் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார், காபி கொடுத்தேன். வண்டி அப்பா பெயரில் இருப்பதால் விற்பனைக் காகிதத்தை அப்பாவிடம் நீட்டி, உங்கள் பெண் எல்லாம் பேசிவிட்டார்கள், கையெழுத்து மட்டும் போதும் என்றார். அப்பா உன் பேச்சைத் தட்டியதே கிடையாது, நான் ஓட்டக் கற்றபோது ஆறு மாதம் என்னோடு வண்டியில் ஏறவும் இல்லை. அப்பா காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பேர்தான் என்னோடது. வண்டி அவளோடது. நான் கையெழுத்துப் போடறதா இல்லை" என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை, எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, காய்கறி வாங்கப் போகலாமா என்று கேட்டார். போனோம், நான்தான் ஓட்டினேன்.

விளம்பரத்தை இன்றைக்கே எடுத்துவிடு. பனியில் வண்டி எடுக்கும்போது அவசரப்படாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் ஒரு குறைவுமில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
விற்பனைக்கு இல்லாத வண்டியின் டிரைவர்,
உன் அம்மா கிரிஜா பட்டாபிராமன்