கீழப்பட்டி ஊருணியின் பதினாறு படிகள்

செப்டம்பர் 24
படி 14.

இந்த நோட்டு கார்த்திக் தம்பி கொடுத்தது. தண்ணீர்ச் சங்கத்தில் வேலை பார்க்கிறான். "தினமும் காலையில ஊருணியில எத்தனை படி வெளிய தெரியுதுன்னு மட்டும் எழுதுங்கக்கா, போதும்" என்றான். எண்ணுக்குக் கீழே இவ்வளவு வெள்ளைத் தாளை விட்டுவிட்டு மட்டும் என்றால் எப்படி? நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பேசுகிறதையும் அன்றைக்கே நிறுத்தியிருந்தால் நல்லாயிருக்கும் என்பார் என் வீட்டுக்காரர் ஹனிபா.

எங்கள் கீழப்பட்டி ஊருணிக்கு மொத்தம் பதினாறு படி. குடிக்கிற தண்ணீர். காவல்காரி நான்தான். செருப்போடு எவனாவது இறங்கினால் அவன் அத்தா பேர்வரைக்கும் விசாரிப்பேன். இப்போது காவலுக்கு ஒன்றுமில்லை. கடைசி இரண்டு படித் தண்ணீரில் தவளை முழங்காலைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது.

மேலப்பட்டி ஊருணி நிறைந்து, கரையில் கட்டிய கலுங்கின் மேல் வழிந்தால் அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக எங்களுக்கு வரும். இரண்டு வருஷமாக வரவில்லை. கலுங்கின் மேல் மூன்று வரிசை மணல் மூட்டை அடுக்கி வழியவிடாமல் வைத்திருக்கிறார்கள். மழைக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் மூட்டை இறங்காவிட்டால் இந்த வருஷமும் லாரித் தண்ணீர்தான். ஒரே உப்பு. அதில் டீ போட்டால் கஷாயம். ஹனிபா போடுகிற டீ எந்தத் தண்ணீரிலும் கஷாயம்தான், அது வேறு.

மூட்டையை இறக்கிவிடுவேன். எப்படி என்று தெரியவில்லை. இறக்கிவிடுவேன்.

செப்டம்பர் 25
படி 14.

விடிகாலைச் சுபுஹு தொழுதுவிட்டு நேரே மேலப்பட்டிக்கு நடந்தேன். மலையாண்டி அண்ணன்தான் அங்கே ஊர்த்தலைவர். வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, மூட்டைக்கு ரெண்டு வயசு முடியப்போகுது. பால்வாடியில சேக்க வேணாமா?"

வாயைக் கொப்பளித்துத் துப்பினார். சிரிப்பையும் சேர்த்துத் துப்பிவிட்டார் போல.

"மூட்டை அடுக்குன வருசம் ஆனி மாசம் எங்க ஊருணி தரை தெரிஞ்சுச்சு தங்கச்சி. பொம்பளைக சைக்கிள்ல குடத்தைக் கட்டிக்கிட்டுப் பள்ளத்தூருக்குப் போனாக. அப்ப ஒங்க ஊருணியில தண்ணி கெடந்துச்சுல்ல? ரெண்டு குடம் எடுத்துக்கங்கன்னு ஒரு ஆளு சொன்னீகளா?"

 

பேச்சை மாற்றினேன். "வழிஞ்ச மொத நாளு ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து குடுப்பீகளே. நாங்க சொம்பு நெறையச் சீனி போட்டுத் திருப்பிக் குடுப்போமே. அந்தச் சீனி ருசிகூடவா மறந்துபோச்சு?"

"எனக்குச் சுகர் வந்து நாலு வருசமாச்சு" என்று உள்ளே போய்விட்டார்.

செப்டம்பர் 28
படி 14.

கார்த்திக் பைக்கில் வந்து குதித்தான். மதுரையில் பெரிய கூட்டமாம். ஆசியாவிலிருந்தும் அந்தப் பக்கத்துக் கடல் தீவுகளிலிருந்தும் பதினோரு நாட்டுக்காரர்கள் வருகிறார்கள். எல்லாம் தண்ணீர்ப் பேச்சு.

"ஒரே ஆறு நாலு நாட்டுக்குள்ள ஓடுதுக்கா. மேல உள்ளவங்க சொல்லாம மதகைத் திறந்தா கீழ உள்ளவங்க வீடு போயிரும். மூடிக்கிட்டா வயல் போயிரும். சேந்து எப்படிச் சமாளிக்கிறதுன்னு பேசத்தான் வர்றாங்க. ஆறாம் தேதி அதுல ஒம்பது பேர் இங்க வர்றாங்க."

"இங்க என்னத்தப் பாக்க?"

"ரெண்டு ஊரும் மழைத் தண்ணியைப் பகிர்ந்துக்கிறதை."

"அப்படின்னு எந்தக் கூறுகெட்ட ஆளு சொன்னது?"

"நீங்கதான். போன சித்திரையில. அரைமணி நேரம் சொன்னீங்க."

ஆமாம். சொன்னேன். அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தேன்.

அக்டோபர் 3
படி 14. ஹனிபா சொல்கிறார், "உண்மையைச் சொல்லிரு புள்ள." இவருக்கு எப்போதும் சுருக்கு வழிதான்.

அக்டோபர் 4
படி 14.

பெண்களெல்லாம் கூடினோம். கடல் தாண்டி வருகிறவர்களுக்கு வறண்ட ஊருணியையா காட்டுவது? நம் வீட்டுக்கு ஒருத்தர் வந்தால் பானையில் தண்ணீர் இல்லாமல் உட்கார வைப்போமா? நான்தான் சொன்னேன், லாரித் தண்ணீரை ஊருணியிலேயே கொட்டுவோம் என்று. யாரும் குறுக்கே பேசவில்லை. வீரலட்சுமி மட்டும், "ஊருணிக்கே லாரித் தண்ணி குடுக்குற மொத ஊரு நம்ம ஊருதான்க்கா" என்றாள். அவளைக் கோலம் போட அனுப்பிவிட்டேன்.

எட்டு லாரி.

அக்டோபர் 5
படி 12. மழை இல்லை.

அக்டோபர் 6
படி 12.

 வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வேன் பத்து மணிக்கு வந்தது. ஒரே ஆற்றின் மேலே இருக்கிற நாட்டுக்காரரும் கீழே இருக்கிற நாட்டுக்காரரும் அதில் இருந்தார்கள். மேலே உள்ளவர் முன் சீட்டு, கீழே உள்ளவர் கடைசி சீட்டு. பார்த்ததும் எனக்கு மனசு லேசானது. நம்ம ஆட்கள்தான்! தீவுக்காரர் ஒருத்தர், ஆள் தேக்குத்தூண் மாதிரி. அவர் ஊரில் கிணறு தோண்டினால் கடல்தான் வருமாம். வங்காள தேசத்திலிருந்து ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். சலாம் சொன்னேன், சலாம் சொன்னார். அதற்குமேல் எல்லாம் கார்த்திக் வாய் வழியாகத்தான்.

மலையாண்டி அண்ணன் புது வேட்டியில் வந்தார். ஊருணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கேட்டுக்கங்க தம்பி. கீழப்பட்டிக்குத் தண்ணி இருக்கு. மூட்டையை எடு, மூட்டையை எடுன்னு இவுக என் உசுர எடுக்குறது சும்மா."

என் பொய்யை எடுத்து என் தலையிலேயே கட்டிவிட்டார். மூட்டை இனி ஏழு வருஷத்துக்கு இறங்காது. 

அப்போது அந்த வங்காள அம்மா இந்த நோட்டைக் கேட்டார். தமிழ் தெரியாதே என்று தைரியமாகக் கொடுத்தேன். எழுத்துத்தான் தெரியாது. எண் தெரியுமே! விரலை வைத்துக்கொண்டே வந்தார். 14, 14, 14, 12. விரல் அங்கே நின்றது. வானத்தைப் பார்த்தார். கீற்று மேகம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் படி இறங்கினார். ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்தார். கார்த்திக்கிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவன் நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சொல்லு தம்பி."

"அவங்க வீட்டுக் குளத்துலயும் இதே உப்புத்தானாம்க்கா. கடல் ஏறி வந்து கெடுத்துருச்சாம். மழைத் தண்ணி இப்படி இருக்காதுன்னு சொல்றாங்க."

எனக்கு என்ன ஆனதோ, போட்டு உடைத்துவிட்டேன். "ஆமாம்மா. லாரித் தண்ணி. எட்டு லாரி. நான்தான் கொட்டச் சொன்னேன். இங்க பங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல, சண்டைதான்! எங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல." பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "அன்னைக்கு ஒங்க ஊரு காஞ்சப்ப நாங்க ஒரு குடம் குடுக்கலண்ணே. அதுவும் தப்புத்தான்" என்றேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. லாரி கதை அவ்வளவு கஷ்டமில்லை.

 அந்த அம்மா அண்ணன் பக்கம் திரும்பி, கார்த்திக் வழியாகக் கேட்டார், "உங்க ஊருணியில இன்னைக்கு எத்தனை படி தெரியுது?"

அண்ணன் தலையைச் சொறிந்தார். "எட்டு... பத்து இருக்கும். எண்ணுனதில்ல."

எண்ணியதே இல்லை! ரெண்டு வருஷம் மூட்டை அடுக்கத் தெரிந்தது, எண்ணத் தெரியவில்லை.

அந்த அம்மா போனை எடுத்துக் காட்டினார். அவர் ஊரில் மழைக்காலம் முழுக்க ஆற்றின் மேலேயிருந்து அளவு வந்துகொண்டே இருக்குமாம். அதைப் பார்த்துத்தான் மாட்டையும் நெல்லையும் மேட்டுக்கு ஏற்றுவார்களாம். "முதல்ல எண் வரணும், பிறகுதான் தண்ணீர்" என்றார். முன் சீட்டுக்காரர் தலையாட்டினார். கடைசி சீட்டுக்காரர் அவரை முறைத்தார்.

போகும்போது கார்த்திக் நோட்டைப் புரட்டியிருக்கிறான். "அக்கா, பைக்ல வந்து குதிச்சானா?" என்று கேட்டான். ஆமாம், குதித்தாய்.

அக்டோபர் 7
படி 12.

காலை ஆறு மணிக்குப் போன். மலையாண்டி அண்ணன். "ஒம்பது" என்றார். வைத்துவிட்டார்.

அக்டோபர் 8
படி 12. அங்கே 9. நானும் எங்கள் எண்ணைச் சொன்னேன். "கேட்டனா?" என்றார். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அக்டோபர் 13
படி 13. லாரித் தண்ணீர் வெயிலுக்குப் போகிறது. அங்கே 10. அண்ணன் குரலில் பயம் தெரிந்தது. ஒரு படி குறைந்தாலும் அவருக்கு அந்த ஆனி மாதம் வந்துவிடுகிறது போல. முன்னே எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

அக்டோபர் 17
படி 12. மழை! விடிய விடிய. அங்கே 7.

அக்டோபர் 21
படி 11. அங்கே 3.
"மூட்டை?" என்றேன். "பாப்பம்" என்றார்.
பாப்பமாம். கண்ணாடி போட்டே அவருக்குப் பாதிதான் தெரியும்.

அக்டோபர் 23
படி 11. அங்கே 1.

போனில் எண்ணைச் சொல்லிவிட்டு வைக்கவில்லை. இருமினார். அப்புறம், "ஏ தங்கச்சி, இங்குட்டு இருந்து வர்ற வாய்க்காலைப் பாத்தீகளா? ஒங்க ஊரு எல்லையில கருவேலம் காடா கெடக்கு" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. வாய்க்காலைப் பற்றி எதற்குக் கேட்கிறார்? தண்ணீர் விடப்போகிறவர்தானே கேட்பார்!

முள் வெட்ட முப்பது பேர் வாய்க்காலில் இறங்கினோம். கையெல்லாம் முள். ஹனிபா டீ கொண்டுவந்தார். இன்றைக்கு அந்த டீயைக்கூடக் குடிக்க முடிந்தது.

அக்டோபர் 25
படி 8.

வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். மத்தியானம் வாய்க்காலில் சருகைத் தள்ளிக்கொண்டு, கலங்கலாக.

மேலே போய்ப் பார்த்தேன். மூன்று வரிசையில் இரண்டு இறங்கியிருக்கிறது. ஒன்று அப்படியே இருக்கிறது. "அது எங்க ஆனி மாசத்துக்கு" என்றார் அண்ணன்.  இருக்கட்டும்.

அக்டோபர் 26
படி 5. அங்கே 0.

இந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கார்த்திக் அந்த வங்காள அம்மாவுக்கு அனுப்பினான். பதிலுக்கு ஒரு படம் வந்தது. அவர் வீட்டுக் குளத்தில் நட்ட மூங்கில் கம்பு, அதில் சிவப்பு மையில் கோடுகள். எழுத்தே இல்லை, ஒரு எண் மட்டும்.

சாயங்காலம் மலையாண்டி அண்ணன் வாசலில் வந்து நின்றார். கையில் இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில். உள்ளே கலுங்குத் தண்ணீர்.

"சொம்பு எங்கண்ணே?"

"வீட்டுல எவர்சில்வரெல்லாம் ஒங்க மதினி பூட்டி வச்சிருக்கா. குடிச்சா குடி, குடிக்காட்டிப் போ."

குடித்தேன். துளி உப்பில்லை.

அவர் போய் ஒரு மணி நேரமாகிறது. பாட்டிலைக் கழுவித் துடைத்துக் காயவைத்து, தாளைச் சுருட்டிப் புனலாக்கிச் சீனி கொட்டிக்கொண்டிருக்கிறேன். வாய் குறுகல், நின்று நின்றுதான் இறங்குகிறது. அவருக்குச் சுகர் என்று ஹனிபா ஞாபகப்படுத்துகிறார். தெரியும். பாதியோடு நிறுத்திவிட்டு மீதிக்கு வறுத்த வேர்க்கடலை போடுகிறேன்.